சோடியத்தைக் கண்டவர்கள்

எங்கள் பாடசாலையில் சோடியம் நல்ல நிலையில் இருந்தது என்பதற்கு ஐம்பத்தைந்து கையெழுத்துகள் இருக்கின்றன. அது நல்ல நிலையில் இருக்கவில்லை என்பதற்கு நான் ஒருத்திதான் இருந்தேன். நான் அங்கே ஆய்வுகூட உதவியாளர். பெயர் செல்வநாயகி. கையெழுத்து வைக்கும் தகுதி எனக்கு இல்லை. ஆகவே பெரும்பான்மைப்படி பார்த்தால் சோடியம் நல்ல நிலையில்தான் இருந்தது.

என்னுடைய குற்றத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பிறகு மற்றவர்களைப் பற்றிச் சொல்லும்போது நான் எதையோ ஒளிக்கிறேன் என்று யாரும் நினைக்கக்கூடாது.

இரண்டாயிரத்து இருபத்திரண்டில் நாட்டில் எரிபொருள் இல்லாமற்போன மாதங்கள் எல்லோருக்கும் நினைவிருக்கும். என் கணவர் கேதீஸ்வரன் சுன்னாகத்துக்குக் கிழக்கே வெங்காயம் செய்கிறார். நீர் இறைக்கிற மெஷின் மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெய் வரிசையில் மனிதர்கள் நின்று களைத்துப்போய், கலன்களை நிறுத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்கள். கலன்கள் நாட்கணக்கில் நின்றன. வெங்காயமோ முற்றுகிற நேரம். தாள் நுனி கருகத் தொடங்கிவிட்டது. கேதீஸ்வரன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. தோட்டத்து வரம்பில் நின்று பார்த்துவிட்டு வந்தார். அவர் கேட்டிருந்தால் மாட்டேன் என்று சொல்லியிருப்பேன்.

ஆய்வுகூட அலுமாரியின் கீழ்த் தட்டில் ஐந்து லீற்றர் மண்ணெண்ணெய் இருந்தது. அது சோடியத்துக்காக வைத்தது. சோடியம் காற்றுப் பட்டால் மங்கிக் கெடும், தண்ணீர் பட்டால் சீறிப் பாயும். அதனால் அதை மண்ணெண்ணெய்க்குள் அமிழ்த்தி வைப்பார்கள். மட்டம் குறைந்தால் ஊற்றி நிரப்புவதற்கு அந்தக் கலன். நான் அந்த ஐந்து லீற்றரையும் எடுத்தேன். அப்படியும் கடைசி இரண்டு பாத்திக்குத் தண்ணீர் எட்டவில்லை. மறுநாள் சோடியப் போத்தலுக்குள் இருந்ததையும் வடித்தேன்.

சோடியத்தை வெறுமனே விட முடியாது. அந்தப் பஞ்சத்திலும் எங்கள் பாடசாலையில் குறையாமல் இருந்த எண்ணெய் ஒன்றே ஒன்றுதான். அது மங்கள விளக்குக்கு வைத்திருந்த தேங்காயெண்ணெய். பிள்ளைகள் வருவதற்குப் பஸ் இல்லாத வாரங்களிலும் அதிதிகள் வந்தார்கள், அதிதிகள் வந்தால் விளக்கு ஏற்றவேண்டும். அதில் கொஞ்சம் எடுத்துச் சோடியப் போத்தலை நிரப்பி மூடினேன். எண்ணெய் எல்லாம் எண்ணெய்தானே என்று நினைத்தேன். ஒரு கிழமைக்குத்தானே என்றும் நினைத்தேன்.

அந்த முறை எங்கள் வெங்காயம் நன்றாக விளைந்தது. அயலில் பலருக்குக் கருகிப்போயிற்று. அந்த வெங்காயம் போட்ட சம்பலை நான் தொடவில்லை.

மண்ணெண்ணெய் திரும்பக் கிடைக்கத் தொடங்கிய அன்றே ஒரு போத்தலில் ஊற்றிக்கொண்டு பாடசாலைக்குப் போனேன். அலுமாரியில் புதிய பூட்டுகள் இரண்டு தொங்கின.

நான் லீவில் நின்ற இரண்டு நாளில் கல்வித் திணைக்களத்தில் ஓர் அலகு, அதாவது ஒரு புதிய பிரிவு, பிறந்திருந்தது. அபாயகரப் பதார்த்தப் பாதுகாப்பு மற்றும் அவதான மேம்பாட்டு அலகு என்பது அதன் முழுப்பெயர். எங்கோ ஒரு பாடசாலையில் விஞ்ஞான ஆசிரியர் ஒருவருக்கு விரல் சுட்டுவிட்டதாம். சுட்டது தேநீர் என்று பிறகு தெரியவந்தது. அதற்குள் அலகுக்கு அலுவலகமும் கதிரைகளும் வாகனமும் வந்துவிட்டன, திருப்பி அனுப்ப முடியவில்லை. அலகின் இணைப்பாளராக கனகசபாபதி என்பவர் நியமிக்கப்பட்டார். ஒரு பூட்டின் திறப்பு அவரிடம், மற்றப் பூட்டின் திறப்பு எங்கள் பாடசாலை அதிபர் பொன்மலரிடம். அலுமாரியைத் திறப்பதென்றால் ஆறு பிரதிகளில் ஒரு படிவம் நிரப்பி ஐந்து பேர் ஒப்பமிடவேண்டும். படிவத்தின் மூன்றாவது கேள்வி, திறப்பதற்கான காரணம் யாது என்பது. காரணம் நான்தான். அதை எழுத எனக்குத் தைரியம் வரவில்லை. கொண்டுபோன மண்ணெண்ணெயைத் திரும்ப வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அலகு வந்து சோடியத்தைப் பரிசீலித்தது. பரிசீலனை இப்படி நடக்கும். முதலில் வரவேற்பு, பிறகு வடையும் தேநீரும். பிறகு எங்கள் அதிபரும் இரசாயன ஆசிரியையும் சேர்த்து ஐந்து பேர் அலுமாரிக்கு முன்னால் வரிசையாக நிற்பார்கள். கனகசபாபதி இரண்டு பூட்டையும் இழுத்துப் பார்ப்பார். ஒரு படம் எடுப்பார்கள். பிறகு அச்சிட்ட பத்திரத்தில் ஐந்து பேரும் ஒப்பமிடுவார்கள். பத்திரத்தில் எழுதியிருந்தது இது: "சோடியம் வெள்ளி போன்ற பளபளப்புடனும் மண்ணெண்ணெயில் முற்றாக அமிழ்ந்தும் காணப்பட்டது."

முதல் முறை நான் பயந்து பயந்து கேட்டேன், திறந்து பார்க்கவில்லையா என்று. அவர்கள் திறக்கவேண்டும், என் களவு வெளியே வரவேண்டும், அதோடு எல்லாம் முடியவேண்டும் என்று ஒரு மனம். மற்ற மனம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றது. கனகசபாபதி கோபிக்கவில்லை. பொறுமையாக விளக்கினார்.

"திறந்தால் காத்துப் படும். காத்துப் பட்டால் சோடியம் கெடும். கெடாமல் இருக்கோ எண்டு பாக்கப் போய் நாங்களே அதைக் கெடுக்கிறதோ அம்மா?"

அந்த முறை அவருடைய உதவியாளர் மட்டும் மூக்கைச் சுளித்து, மண்ணெண்ணெய் மணம் காணவில்லையே என்றார். அடுத்த முறை அவர்கள் வருவதற்கு முதல்நாள் நான் ஒரு துணியை மண்ணெண்ணெயில் நனைத்து அலுமாரிக் கதவின் இடுக்குகளைத் துடைத்து வைத்தேன். உதவியாளர் மூச்சை இழுத்துவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் துடைத்தேன். எடுத்தது இரண்டு முறை. மறைத்தது பத்து முறை. எது பெரிய பாவம் என்று யோசித்து யோசித்து எனக்கு அலுத்துப்போயிற்று.

பதினொரு பரிசீலனை, ஒவ்வொன்றுக்கும் ஐந்து கையெழுத்து. இந்தக் காலம் முழுவதும் ஒரு பிள்ளையும் சோடியத்தைக் காணவில்லை.

இரசாயனம் படிப்பிக்கிற சிசிலியா ரீச்சர் நல்லவர். ஓய்வு பெற ஒரு வருடம் இருந்தது. அவர் கரும்பலகையில் ஒரு முகவை வரைந்து, தண்ணீரில் சோடியத்தை வரைந்து, அம்புக்குறி போட்டு அதை ஓடவிடுவார். பிள்ளைகள் தேவாரம்போலப் பாடமாக்கிச் சொல்லுவார்கள்: மென்மையான உலோகம், கத்தியால் வெட்டலாம், நீரில் மிதக்கும், உருகிக் கோளமாகும், இஸ் என்ற ஒலியுடன் அங்குமிங்கும் ஓடும், ஐதரசன் வெளிவரும், காரம் பட்டுப் பினோத்தலீன் இளஞ்சிவப்பாகும். அதையே செய்முறைக் கொப்பியில், கண்டதை எழுதவேண்டிய இடத்தில், "அவதானம்" என்று தலைப்பிட்டு எழுதுவார்கள். எல்லாக் கொப்பிக்கும் சரி விழும். புள்ளியிடும் திட்டத்தில் இருப்பதும் அதே வசனம்தான்.

மதுஷா மட்டும் வேறுமாதிரி எழுதினாள். உடுவில் பக்கத்திலிருந்து சைக்கிளில் வருகிற பிள்ளை. தகப்பன் சுன்னாகம் சந்தையில் லொறி ஓடுகிறவர். அவளுடைய கொப்பியில் இப்படி இருந்தது: "அவதானம்: சோடியம் அலுமாரிக்குள் இருந்ததாகச் சொல்லப்பட்டது. அலுமாரி பூட்டியிருந்தது." சிசிலியா ரீச்சர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, அதை வெட்டி ஒழுங்காக எழுதச் சொன்னார். மதுஷா வெட்டாமல், அதற்குக் கீழே ஒரு பக்கத்தை வெறுமையாக விட்டு வைத்தாள். கண்ட பிறகு எழுதுவாளாம்.

பன்னிரண்டாவது பரிசீலனைக்குப் பதிலாக ஒரு கடிதம் வந்தது. அலகு இத்தனை நாளும் பாதுகாப்பை மேம்படுத்திவிட்டது, இனி அவதானத்தை மேம்படுத்தப்போகிறது, எங்கள் பாடசாலையில் அவதான தினம் கொண்டாடப்படும், அதிதிகள் முன்னிலையில் ஒரு மாணவி சோடியத்தை நீரில் இட்டுக் காட்டவேண்டும் என்று எழுதியிருந்தது. நல்ல அவதானி என்று தெரிவாகிற பிள்ளைக்குத் தெற்கே ஒரு பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் பத்து நாள் பயிற்சி. சிசிலியா ரீச்சர் யோசிக்காமல் மதுஷாவின் பெயரைக் கொடுத்தார். அதிபர் பொன்மலரும் ஒத்துக்கொண்டார்.

மதுஷா அந்தப் பத்து நாளுக்காக எவ்வளவு ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். இடைவேளையில் ஆய்வுகூடத்துக்கு வந்து என்னிடம்தான் கேட்பாள்.

"அன்ரி, அங்கை அலுமாரியள் எல்லாம் திறந்துதான் இருக்குமோ?"

திறந்துதான் இருக்கும் பிள்ளை என்றேன். அவளுடைய முகத்தைப் பார்க்க முடியாமல், கழுவின முகவையைத் திரும்பக் கழுவினேன்.

அந்தக் கிழமையே நான் சொல்லியிருக்கவேண்டும். போத்தலுக்குள் இருப்பது என்னவென்று எனக்கே தெரியாது, ஆனால் சோடியமாக இருக்காது என்று தெரியும். நாளைக்கு, நாளைக்கு என்று ஐந்து நாள் தள்ளிப்போட்டேன். ஐந்தாவது நாள் கதவிடுக்கை மண்ணெண்ணெயால் துடைத்தேன்.

அவதான தினம் ஒன்பது மணிக்கென்று போட்டுப் பத்தரைக்குத் தொடங்கியது. நிறைகுடம், மங்கள விளக்கு, இறைவணக்கம், வரவேற்பு நடனம், வரவேற்புரை, தலைமையுரை. ஆறு பேருக்குப் பொன்னாடை. சோடியப் போத்தலுக்கும் ஒரு மாலை வைத்திருந்தார்கள். மங்கள விளக்கு அதே தேங்காயெண்ணெயில் எரிந்தது. எனக்கு அதைப் பார்க்க என்னையே பார்ப்பதுபோல இருந்தது.

கனகசபாபதி சிறப்புரை ஆற்றினார். அவருக்கு மேடையில் வேறு தமிழ்.

"முப்பத்தொரு ஆண்டுகள் விஞ்ஞானக் கல்விக்கே என்னை அர்ப்பணித்திருக்கிறேன். இந்தப் பாடசாலையின் சோடியத்தைப் பதினொரு தடவைகள் பரிசீலித்து, அதன் பளபளப்பை என் கைப்பட உறுதிப்படுத்தியிருக்கிறேன். இன்று அதை முதன்முதலாகக் காணப்போகிறேன் என்பதை நினைக்கும்போது என் உள்ளம் பூரிக்கின்றது."

எல்லோரும் கைதட்டினார்கள். நான் சுற்றிப் பார்த்தேன். ஒருவர் முகத்திலும் மாற்றம் இல்லை.

இரண்டு திறப்பும் போட்டு அலுமாரி திறக்கப்பட்டது. போத்தலுக்கு மாலை போட்டு மேசைக்குக் கொண்டுவந்தார்கள். சிசிலியா ரீச்சர் மூடியைத் திறந்தார். நாட்பட்ட எண்ணெய் நாற்றம் வந்தது. உள்ளே மண்ணெண்ணெய் இல்லை. மஞ்சள் படிந்த வெள்ளைக் கட்டிகள், பழைய வெண்ணெய்போல, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. ரீச்சர் என்னை ஒருதரம் நிமிர்ந்து பார்த்தார். முப்பது வருடம் இரசாயனம் படிப்பித்தவருக்கு விளங்காமல் போகுமா? சோடியம் ஈரத்தை உறிஞ்சிக் காரமாகி, காரம் தேங்காயெண்ணெயோடு சேர்ந்து, மூன்று வருடமாக அந்தப் போத்தல் தன்பாட்டில் சவர்க்காரம் காய்ச்சிக்கொண்டிருந்திருக்கிறது. ரீச்சர் சாவணம் என்கிற இடுக்கியை மதுஷாவின் கையில் கொடுத்தார்.

மதுஷா ஒரு சின்னக் கட்டியை எடுத்து வடிதாளில் வைத்துக் கத்தியால் வெட்டினாள். கத்தி வழுக்கிக்கொண்டு இறங்கியது. அதிபர் பக்கத்தில் இருந்தவரிடம், மென்மையான உலோகம், கத்தியால் வெட்டலாம் என்று மெதுவாகச் சொன்னார். துண்டை நீரில் போட்டாள். அது மிதந்தது. நீரில் மிதக்கும் என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். பினோத்தலீன் இரண்டு துளி விட்டாள். இளஞ்சிவப்பு பரவியது. அவ்வளவுதான், மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. கனகசபாபதி கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். கேட்டால் யாரும் நம்பமாட்டீர்கள், அவர் உண்மையாகவே அழுதார்.

சோடியத்துக்குச் சொல்லப்பட்ட குணங்களில் மூன்றைச் சவர்க்காரம் நிறைவேற்றிவிட்டது. மிச்சத்தைக் கைதட்டலில் யாரும் தேடவில்லை. மதுஷா மட்டும் முகவையைக் கலக்கிப் பார்த்து ஒரு தாளில் எழுதி மடித்தாள்.

நிகழ்ச்சிநிரலில் அடுத்தது, மாணவி தன் அவதானத்தை வாசிப்பது. மதுஷா ஒலிவாங்கிக்கு முன்னால் போய்த் தாளைப் பிரித்தாள். 

"துண்டு ஓடவில்லை. ஒலி கேட்கவில்லை. வாயுக்குமிழ் வரவில்லை. முகவையைக் கலக்கியபோது நுரை வந்தது. துண்டைத் தொட்ட சாவணம் வழுக்கியது."

கைதட்டல் பாதியில் நின்றது. கனகசபாபதி அதிபரைப் பார்த்தார், அதிபர் சிசிலியா ரீச்சரைப் பார்த்தார், ரீச்சர் நிலத்தைப் பார்த்தார். நான் தூணோடு நின்றேன். ஒரு வசனம் சொன்னால் போதும். எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் விசாரணை தொடங்கியது. போத்தலை விசாரிக்கவில்லை, பிள்ளையைத்தான் விசாரித்தார்கள். அதிபர் பொன்மலர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு அன்பாகவே சொன்னார், நுரை என்ற வசனத்தை எடுத்துவிட்டு இஸ் என்ற வசனத்தைப் போட்டால் பத்து நாள் பயிற்சி அவளுக்குத்தான் என்று. மதுஷா, நான் இஸ் கேட்கவில்லையே மிஸ் என்றாள். அலகு அவளைக் காது பரிசோதனைக்கும் கண் பரிசோதனைக்கும் அனுப்பியது. தகப்பன் இரண்டு நாள் லொறியை நிறுத்திவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு திரிந்தார். கண்ணிலும் காதிலும் ஒரு குறையும் இல்லை என்று சான்றிதழ் வந்தது. அதை வாசித்துவிட்டுக் கனகசபாபதி கவலையோடு சொன்னாராம்: "கண் பழுது எண்டால் கண்ணாடி போடலாம். கண் சரி எண்டால் பிரச்சினை இன்னும் பெரிசு."

பயிற்சிப் பட்டியலிலிருந்து அவள் பெயர் எடுக்கப்பட்டது. காரணம், அவதானக் குறைபாடு.

அன்று பின்னேரம் நான் தோட்டத்தில் புல் பிடுங்கிக்கொண்டிருந்தபோது கேதீஸ்வரனுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு அதுவரை போத்தல் கதை தெரியாது. கலனில் மிச்சம் இருந்ததைக் கேட்டு எடுத்து வந்தேன் என்றுதான் அன்றைக்கு அவருக்குச் சொல்லியிருந்தேன். வேலை போய்விடுமோ என்று அவர் கேட்பார் என எதிர்பார்த்தேன். அவர் பாத்திகளைத் திரும்பிப் பார்த்தார்.

"அப்ப நாங்கள் பிடுங்கின வெங்காயம் அந்தப் பிள்ளையின்ரை தலையிலை எல்லோ முளைச்சிருக்கு," என்றார். "நாளைக்கே போய்ச் சொல்லு. நானும் வாறன்."

அவரை வரவேண்டாம் என்றேன். முதலில் சிசிலியா ரீச்சரிடம் போனேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, தனக்கு அன்றைக்கே தெரியும் என்றார். ஆனால் பதினொரு பத்திரத்திலும் தன்னுடைய ஒப்பமும் இருக்கிறது, ஓய்வூதியத்துக்கு ஆறு மாதம்தான் இருக்கிறது என்று சொல்லி அழுதார். அவரை நான் குறை சொல்லமாட்டேன். நான் எடுத்தேன், அவர் பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான் வித்தியாசம். பிறகு அதிபரிடம் போனேன். அதிபர் எழுந்து போய்க் கதவைச் சாத்திவிட்டு வந்து, தான் ஒன்றையும் கேட்கவில்லை என்றார். கடைசியில் அலகுக்குப் போனேன்.

கனகசபாபதி நான் சொன்னதை ஒரு இடத்திலும் குறுக்கிடாமல் கேட்டார். மண்ணெண்ணெய், வெங்காயம், தேங்காயெண்ணெய், கதவிடுக்கில் துடைத்த துணி, எல்லாவற்றையும் சொன்னேன். எழுதி ஒப்பமிட்ட கடிதத்தையும் மேசையில் வைத்தேன். அவர் எனக்குத் தேநீர் கொண்டுவரச் சொன்னார்.

"நீங்கள் சொல்லுறது உண்மை எண்டே வைப்பம்," என்றார். "அப்ப பதினொரு தரம் நான் பளபளப்பைக் கண்டன் எண்டு எழுதினது என்ன? பொய்யோ? என்ரை சேவைக் காலத்திலை நான் ஒரு பொய்ப் பத்திரத்திலையும் கையெழுத்து வைச்சதில்லை. ஆனபடியால் சோடியம் பளபளப்பாத்தான் இருந்தது. ஆனபடியால் நீங்கள் மண்ணெண்ணெயை எடுக்கேல்லை."

எடுத்தனான் சேர் என்றேன்.

"எடுக்கேல்லை அம்மா. குற்றம் செய்யாத ஒரு ஆளைத் தண்டிக்க எனக்கு மனம் வராது. அது அநியாயம்."

பிள்ளையின் பெயரையாவது திரும்பப் போடுங்கள் என்று கெஞ்சினேன். அவர் இரண்டு கையையும் விரித்தார்.

"நீங்கள் சுத்தமெண்டால் அந்தப் பிள்ளை கண்டது பிழை. பிழையாய்க் காணுற பிள்ளையை அவதானி எண்டு எப்பிடி அனுப்புறது? சொல்லுங்கோ பாப்பம்."

கடிதத்தை அவர் மடித்து என்னிடமே தந்தார். வேண்டுமானால் ஒரு படிவம் இருக்கிறது, அதிபரின் சிபார்சோடு அனுப்பலாம் என்றார். அதிபர் சிபார்சு செய்யமாட்டார் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் இன்னும் ஒரு வாசலுக்குப் போயிருக்கலாம். கொழும்புக்கு எழுதியிருக்கலாம். போகவில்லை. படியால் இறங்கும்போது எனக்குள் ஓர் ஆறுதல் வந்தது, வேலை தப்பிவிட்டது என்று. அதை நான் மறைக்கமாட்டேன். அவர் தந்த தேநீரையும் முழுவதும் குடித்துவிட்டுத்தான் வந்திருந்தேன்.

பத்து நாள் பயிற்சிக்கு வேறு பாடசாலையிலிருந்து ஒரு பிள்ளை தெரிவானாள். இஸ் என்ற ஒலியை இரண்டு முறை கேட்டதாக எழுதியிருந்தாளாம். அவளுடைய பாடசாலையில் சோடியமே இல்லை. சோடியத்தைப் பழுதில்லாமல் பேணியதற்காக எனக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. சட்டம் போட்டு ஆய்வுகூடச் சுவரில் மாட்டச் சொன்னார்கள். ஆணியை நானே அடித்தேன்.

கூடவே இன்னொரு கடிதம் வந்தது. சோடியம் அவதான தினத்தில் முற்றாகப் பயன்படுத்தப்பட்டுவிட்டதாகவும், போத்தலைக் கழுவிக் கவிழ்க்கும்படியும் எழுதியிருந்தது. பூட்டுகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

போத்தலைக் கழுவுவதற்கு முன் ஒரு யோசனை வந்தது. பெரிய கட்டி ஒன்று அடியில் கிடந்தது. அதைச் சாவணத்தால் எடுத்து, ஈரமில்லாத மேசையில் வைத்துக் கத்தியால் சீவினேன். வெள்ளைச் சவர்க்காரம் தோல் தோலாக உரிந்தது. உள்ளே, ஒரு மஞ்சாடி விதை அளவுக்கு, வெள்ளி. பளபளவென்று இருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கவே மங்கத் தொடங்கியது. உடனே வீட்டிலிருந்து கொண்டுவந்து வைத்திருந்த மண்ணெண்ணெயில் போட்டு மூடினேன். அந்த மண்ணெண்ணெய், மூன்று வருடத்துக்கு முன்பு கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த அதே போத்தலில் இருந்ததுதான்.

இடைவேளையில் மதுஷாவைக் கூப்பிட்டேன். அவள் அவதான தினத்துக்குப் பிறகு ஆய்வுகூடப் பக்கம் வரவில்லை. வந்து வாசலில் நின்றாள். கண்ணுக்குக் கவசம் போடச் சொன்னேன். நானும் போட்டுக்கொண்டேன். அகன்ற தொட்டியில் தண்ணீர் விட்டு, பினோத்தலீன் விட்டு, கடுகளவு துண்டைச் சாவணத்தால் போட்டேன்.

அது இஸ் என்றது. உருண்டு கோளமாகி ஓடியது. தொட்டியின் கரையில் முட்டித் திரும்பி ஓடியது. போன வழியெல்லாம் இளஞ்சிவப்புக் கோடு போட்டது. ஓடி ஓடிச் சின்னதாகி இல்லாமற்போயிற்று. மதுஷா மூச்சுவிடாமல் குனிந்து பார்த்தாள். நானும் இருபது வருடமாக அந்த ஆய்வுகூடத்தில் முகவை கழுவியிருக்கிறேன், அன்றுதான் அதைக் கண்டேன்.

அவள் பையைத் திறந்து செய்முறைக் கொப்பியை எடுத்தாள். வெறுமையாக விட்டிருந்த பக்கத்தைப் பிரித்தாள். ஒன்று, இரண்டு என்று இலக்கமிட்டு, முதலில் அவதான தினத்தில் கண்டதை எழுதினாள், பிறகு இப்போது கண்டதை எழுதினாள். கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டு, "வித்தியாசத்துக்கான காரணம்" என்று தலைப்பிட்டாள். பேனாவை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"காரணம் என்ன எண்டு எழுத, அன்ரி?"

அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்ததோ என்னவோ, எனக்குத் தெரியாது. அவள் அவசரப்படுத்தவில்லை. நான் கதிரையில் இருந்துகொண்டு சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் எழுதினாள்.

"இரண்டாயிரத்து இருபத்திரண்டில் ஆய்வுகூட உதவியாளர் செல்வநாயகி போத்தலில் இருந்த மண்ணெண்ணெயைத் தன் வீட்டுத் தோட்டத்துக்கு எடுத்துவிட்டு, மங்கள விளக்குத் தேங்காயெண்ணெயை ஊற்றினார். சோடியம் சவர்க்காரமாகியது. மாணவி கண்டது சரி."

கடைசி வசனத்தை எழுத அவள் தயங்கினாள். நான்தான் எழுதச் சொன்னேன். பிறகு கொப்பியை என் பக்கம் திருப்பி, கீழே நான் கையெழுத்து வைத்தேன். தகுதி இல்லாத கையெழுத்துத்தான். மூன்று வருடத்தில் சோடியத்தைக் கண்டு வைத்த கையெழுத்து அது ஒன்றுதான்.

என்னை மன்னித்துக்கொள் பிள்ளை என்றேன். அவள் கொப்பியை மூடிப் பைக்குள் வைத்துவிட்டு, தொட்டியைக் கழுவ எனக்கு உதவி செய்தாள்.

அடுத்த கிழமை அலகு எல்லாப் பிள்ளைகளின் செய்முறைக் கொப்பிகளையும் மேற்பார்வைக்கு எடுத்துக்கொண்டு போயிற்று. மதுஷா அந்தப் பக்கத்தைக் கிழிக்கவா என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். அன்றிலிருந்து தொலைபேசி அடித்தாலும் வாகனம் வந்து நின்றாலும் எழுந்து வாசலைப் பார்த்தேன். ஆனால் உள்ளுக்குள் ஒரு நிம்மதியும் இருந்தது. இனி யாரும் மடித்துத் திருப்பித் தரமுடியாது, வாசித்தே ஆகவேண்டும் என்று நம்பினேன். கேதீஸ்வரன் என் நல்ல சேலையை எடுத்து ஸ்திரிக்கை போட்டு வைத்தார், விசாரணைக்குக் கூப்பிட்டால் கட்டிக்கொண்டு போவதற்கு.

கொப்பிகள் திரும்பி வந்தன. மதுஷா ஓடிவந்து அந்தப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினாள். என்னுடைய கையெழுத்தின் மேலேயே பெரிய ஊதா முத்திரை குத்தியிருந்தது: "பார்வையிடப்பட்டது." அதற்குள்ளே கனகசபாபதியின் ஒப்பம். பக்கத்தில் சிவப்பு மையில் அவருடைய குறிப்பு: "நன்று. எழுத்தை இன்னும் தெளிவாக எழுதவும்."

மதுஷா சிரித்தாள். அவதான தினத்துக்குப் பிறகு அவள் சிரித்ததை அன்றுதான் கண்டேன். எனக்குச் சிரிக்க முடியவில்லை. முத்திரையில் திகதி இருந்தது. அவள் தெற்கே ஓர் ஆய்வுகூடத்தில் திறந்த அலுமாரிகளுக்கு முன்னால் நின்றிருக்கவேண்டிய பத்து நாளில், அது ஏழாவது நாள்.